பெரியப்பாவின் புல்லட்டும் ஒரு வாளி போல்ட்டும்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்புச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) பெரியப்பாவின் புல்லட் 19 வருடம் நின்றது. 1976 மாடல், 350 சி.சி., கறுப்பு. அவருக்கு முட்டி வலி வந்து வண்டி ஏற முடியாமல் போனதும் ஓரமாக நிறுத்தினார். மேலே ஒரு சாக்கு, அதன் மேல் காய்ந்த மட்டை, அதற்கும் மேல் கோழிகள். அவர் காலமாகி ஒரு வருடம் கழிந்து பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, இந்த வண்டிய எடைக்குக் கேக்கறாங்க. நீ எடுத்துக்கறயா, போட்டுரட்டுமா?" என்று கேட்டார். நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

கோவையில் ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த வண்டி வேலை பிளக்கைக் கழற்றித் துடைப்பதும் செயினுக்கு எண்ணெய் விடுவதும்தான். ஆறு மாதம், நாற்பதாயிரம் ரூபாய் என்று மனதில் ஒரு கணக்குப் போட்டேன். முடிந்தபோது பதினான்கு மாதமும் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரமும் ஆகியிருந்தது. கூடுதலாகப் போன பணத்தில் பாதிக்கு மேல் அவசரத்தால் போனது. அதிலும் பழைய சாமானைத் தூக்கிப் போட்ட அவசரத்தால். இதே வேலையில் புதிதாக இறங்க நினைப்பவர்களுக்கு அந்தப் பாதியாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வண்டியாக புல்லட்டை எடுத்தது, தெரியாமல் நடந்ததே ஆனாலும், நல்ல முடிவு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. ராணுவத்துக்குத் தேவைப்பட்ட 350 புல்லட்தான் அதற்குக் காரணம். 1970-ஓடு அங்கே தாய்க் கம்பெனியே நின்றுபோனது. சென்னை திருவொற்றியூர் தொழிற்சாலையில் மட்டும் அதே எஞ்சின், 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 346 சி.சி., பல பத்தாண்டுகள் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால் சாமான் இன்றைக்கும் கிடைக்கிறது, கை வைத்துப் பழகிய ஆட்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நண்பர் ஒருவர் இதே காலத்தில் அபூர்வமான ஒரு பழைய டூ ஸ்ட்ரோக்கை எடுத்தார். ஒரு கார்புரேட்டர் ஸ்லைடுக்காக மட்டும் எட்டு மாதம் காத்திருந்தார். புதியவர்கள் சாமான் கிடைக்கிற வண்டியாகப் பார்த்து எடுங்கள்.

வண்டியைத் தோப்பிலிருந்து டெம்போவில் ஏற்றி வந்த அன்றே கிக்கரை மிதித்துப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தேன். அதைச் செய்திருக்கவே கூடாது. பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவேறிப் பிடித்திருக்கும். பலத்தைக் கொடுத்தால் ரிங்கும் உடையும், கிக்கர் பல்லும் போகும். பக்கத்து வீதியில் பழைய புல்லட்டுகளை மட்டும் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார், எழுபதை நெருங்குகிறவர். அவர் வந்து பார்த்துவிட்டு பிளக்கைக் கழற்றச் சொன்னார். ஓட்டை வழியாக ஒரு டம்ளர் டீசல் ஊற்றச் சொன்னார். "பத்து நாள் இந்தப் பக்கமே வராத தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோராம் நாள் நாலாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தோம். டாப் கியரில் போட்டால் சக்கரத்தை வைத்தே எஞ்சினைச் சுலபமாகத் திருப்பலாம். அரை மணி நேரத்தில் "களுக்" என்று விடுபட்டது. அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

அடுத்து வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை மொத்தமாகப் பிரித்துப் போட்டேன். கை பழகப் பழக வேகம் வந்தது, அந்த வேகம் பெருமையாகவும் இருந்தது. கழன்ற போல்ட், நட், வாஷர் எல்லாம் ஒரே வாளிக்குள் போயின. இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் வந்த அண்ணன் வாளியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் உட்கார்ந்து, வாளியிலிருந்து இரண்டு போல்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பார்க்க ஒரே தடிமன், ஒரே நீளம். "இது ரெண்டும் ஒண்ணா?" என்றார். ஒரே நட்டை இரண்டிலும் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் வழுக்கிக்கொண்டு போனது, மற்றதில் ஒன்றரைச் சுற்றில் இறுகியது.

அன்றைக்குத்தான் இந்தப் புல்லட்டுக்குள் எத்தனை வகை மரை இருக்கிறது என்று தெரிந்தது. அந்தக் கால ஆங்கிலேயக் கணக்கில் சைக்கிள் த்ரெட், விட்வொர்த், பி.எஸ்.எஃப். என்று கலந்து கிடக்கும். ஒன்றின் போல்ட் மற்றதில் இரண்டு சுற்று ஏறும். பலத்தைக் கொடுத்தால் மூன்றாம் சுற்றும் ஏறும், ஆனால் அப்போது மரை வெட்டிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். எஞ்சின் உறை அலுமினியம் என்பதால் போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, உறைதான் போகும். பின்னால் பூட்டும்போது எஞ்சினின் பக்கவாட்டு மூடியான டைமிங் கவரில் ஓரிடத்தில் எனக்கு இதுவே நடந்தது. லேத்தில் கொடுத்து ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்தேன். மில்லிமீட்டர் ஸ்பேனர் வைத்துத் திருகியதில் ஏழெட்டு நட்டுகளின் மூலையும் மழுங்கிப் போயிருந்தது. ஒரு விட்வொர்த் ஸ்பேனர் செட்டை முதல் மாதமே வாங்கியிருக்க வேண்டும்.

"போல்ட்டு எந்த ஓட்டைல இருந்து வந்துச்சோ, சாமானக் கழட்டுன கையோட அதே ஓட்டைல திருப்பி ரெண்டு சுத்து முடுக்கி வெச்சுரு" என்றார் அண்ணன். இத்தனை எளிய வழி எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. அப்படி வைக்க முடியாததை ஒரு பாலிதீன் பையில் போட்டு, எந்த இடம் என்று சீட்டு எழுதிக் கட்டிவிடலாம். அந்த வாளியைப் பிரித்து அடுக்க மூன்று வார இறுதிகள் போயின. முன்யோசனை இல்லாமல் செய்த ஒரு காரியம் மட்டும் கைகொடுத்தது. பிரிப்பதற்கு முன்னால் பெரியம்மாவுக்கு அனுப்புவதற்காக வண்டியைச் சுற்றி நாற்பது ஐம்பது படம் போனில் எடுத்து வைத்திருந்தேன். கேபிள் எந்தப் பக்கமாக வளைகிறது, எந்த பிராக்கெட் உள்ளே, எது வெளியே என்ற சந்தேகம் வந்தபோதெல்லாம் அந்தப் படங்கள்தான் பதில் சொன்னன.

இனிச் சொல்வதை நினைத்தால் இன்றைக்கும் மனது சங்கடப்படுகிறது. மட்கார்டு இரண்டும் ஓரத்தில் துருப்பிடித்து அரித்திருந்தன. பெயின்ட் வேலைக்கு விசாரிக்கப் போன இடத்தில், "இதத் தேச்சு பட்டி வெக்கற கூலிக்குப் புதுசே வாங்கிரலாம்" என்று சொன்னார்கள். நியாயமாகப்பட்டது. இரண்டு மட்கார்டு, செயின் கவர், பின்பக்கம் இடது புறம் இருந்த சேலை கார்டு, பழைய சைலன்சர் எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். நானூற்றுச் சொச்சம் கிடைத்தது. புது மட்கார்டு வந்ததும் கையில் எடுத்தேன், தகடு பப்படம்போல் இருந்தது. ஸ்டே கம்பி ஓட்டைகள் அரை அங்குலம் தள்ளி இருந்தன. வளைவும் சக்கரத்தோடு ஒத்துப்போகவில்லை. அண்ணன் பழையது எங்கே என்று கேட்டார். நான் சொன்னேன். "அது அந்தக் காலத்துத் தகடு தம்பி. ஓரத்த வெட்டி ஒட்டு வெச்சிருந்தா இன்னும் நாப்பது வருசம் நின்னிருக்கும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே இரும்புக் கடைக்குப் போனேன். அரை நாள் தேடி இரண்டு மட்கார்டும் செயின் கவரும் கிடைத்தன. விற்ற காசைப் போல மூன்று மடங்கு கொடுத்து மீட்டு வந்தேன். சைலன்சரும் சேலை கார்டும் அதற்குள் லாரி ஏறிவிட்டிருந்தன. மீட்டு வந்த மட்கார்டில் அரித்த பகுதியை வெட்டி, அதே கனத்தில் தகடு வைத்து கேஸ் வெல்டிங் செய்து, தட்டி நிமிர்த்தினார்கள். இப்போது கையை வைத்துத் தடவினால்கூட ஒட்டு தெரியாது. வண்டி முழுதாகப் பூட்டி, ஓட்டி, ஆயிரம் கிலோமீட்டர் தாண்டும் வரை ஒரு வாஷரைக்கூட வெளியே போடாதீர்கள்.

எஞ்சின் வேலையை நானே செய்யவில்லை. செய்ய முயலவும் கூடாது என்பது என் கருத்து. கழற்றிச் சுத்தம் செய்வது, பூட்டுவதற்குக் கூடவே நின்று கற்பது, இவைதான் என் பங்கு. கழற்றும்போதும் ஒரு விபத்தை அண்ணன் தடுத்தார். டைமிங் கவரைத் திறந்ததும் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் நுனியில் ஆயில் பம்பைச் சுற்றுகிற வொர்ம் நட் இருக்கும். அது இடக்கை மரை. எல்லா நட்டையும் போல இடப்பக்கம் திருப்பிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும். நீளக் கைப்பிடி போட்டு முழு பலத்தோடு நான் திருப்பப் போன நேரத்தில் தோளைப் பிடித்து நிறுத்தினார். எந்த நட்டும் நியாயமான பலத்துக்கு வரவில்லை என்றால் கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

கோவையில் கணபதிப் பக்கம் ஒரு லேத்துக்கு சிலிண்டரையும் கிராங்க்கையும் எடுத்துப்போனோம். அங்கே மூன்று தலைமுறையாக போரிங் வேலை செய்கிறார்கள். டயல் கேஜை சிலிண்டருக்குள் மேல், நடு, கீழ் என்று விட்டு, முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளந்து ஒரு தாளில் எழுதினார் அந்த வீட்டுப் பெரியவர். மேல்பகுதியில் தேய்மானம் அதிகம், அதோடு ஒரு பக்கம் துருக் குழி. நான் போர் செய்யச் (உள்ளே கடைந்து பெரிதாக்கச்) சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். "பிஸ்டன் எங்கீங்க?" என்றார். ஓவர்சைஸ் பிஸ்டன் என்று பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பி அவர்கள் கடைவதில்லை. பிஸ்டனைக் கையில் வாங்கி, அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளி விட்டுத்தான் சிலிண்டரைக் கடைகிறார்கள். ஒரே சைஸ் போட்ட இரண்டு பிஸ்டன்கள்கூட நூலிழை வித்தியாசப்படும். முதலில் பிஸ்டன் வாங்கிக் கொடுங்கள், பிறகு போர்.

பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது சகஜம். எனக்கு மேலும் கீழும் "டக் டக்" என்று ஆடியது, அதாவது ராடு கிராங்க்கோடு சேரும் பிக் எண்ட் போய்விட்டது. அந்தக் காலத்துப் புல்லட்டில் அந்த இடத்தில் ரோலர் கிடையாது, மிதக்கும் புஷ்தான். ஆயில் சரியாக வந்தால் நெடுநாள் வரும், ஆயில் குறைந்தால் சீக்கிரம் போய்விடும். டைமிங் கவரிலிருந்து கிராங்க்குக்குள் ஆயிலைச் செலுத்துகிற குவில் போல்ட், அதன் சீல், ஆயில் பம்ப், ஃபெல்ட் ஃபில்டர் இவற்றில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. பூட்டி முடித்து முதல் தடவை ஸ்டார்ட் ஆனதும் அண்ணன் செய்த முதல் காரியம், ஹெட்டுக்குப் போகிற ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி விட்டதுதான். ஐடிலில் அங்கே ஆயில் கசிந்து வந்தால்தான் பம்ப் வேலை செய்கிறது. வரவில்லை என்றால் அந்த நொடியே எஞ்சினை அணைக்க வேண்டும். சத்தத்தில் மயங்கி நின்றுவிடாதீர்கள்.

பெட்ரோல் டாங்க் வேலையை நான் தனியாகச் செய்தேன், ஆசையோடு செய்தேன். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் செம்மண் பாதைபோல் துரு. பெட்ரோல் திறக்கும் டேப்பைக் கழற்றி ஓட்டையை ரப்பர் கார்க் வைத்து அடைத்தேன். லிட்டருக்கு நூறு கிராம் கணக்கில் எலுமிச்சை உப்பைச் (சிட்ரிக் அமிலம்) சுடுதண்ணீரில் கரைத்து முழுக்க நிரப்பினேன். இந்த டாங்க் பதினாலரை லிட்டர் பிடிக்கும், ஒன்றரைக் கிலோ வாங்கினால் போதும். ஒரு நாள் ஊறவிட்டு, உள்ளே ஒரு முழம் பழைய சைக்கிள் செயினை விட்டுக் குலுக்கினேன். சிலர் நட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். போட்டதை எண்ணி எடுக்காவிட்டால் ஒன்று உள்ளேயே தங்கிவிடும். செயினில் அந்தக் கவலை இல்லை, நுனியைப் பிடித்து இழுத்துவிடலாம். பிறகு சோடா உப்புக் கரைசலில் அலசி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே ஹேர் டிரையர் வைத்துக் காயவிட்டு, கொஞ்சம் ஆயிலை உள்ளே உருட்டிப் பூசினேன். உடனே காயவிடாவிட்டால் கண் எதிரிலேயே மறுபடி துரு பூக்கும். அடியில் இரண்டு ஊசி ஓட்டை இருந்தன. அதை மட்டும் பெட்ரோல் டாங்க் வேலை தெரிந்த ரேடியேட்டர் கடையில் கொடுத்தேன். காலி டாங்க்தானே என்று வீட்டில் வெல்டிங் வைக்க யாரும் முயலாதீர்கள். காலி டாங்க்கில் மிச்சம் இருக்கிற ஆவிதான் வெடிக்கும். உயிர் போகிற விஷயம்.

பிரேக் டிரம்முக்குள் படிந்திருக்கும் தூசியையும் வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கவும் வேண்டாம். அந்தக் காலத்து பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

சக்கரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஸ்போக்கைத் தளர்த்துவதற்கு முன்னால், ரிம் விளிம்புக்கும் ஹப் விளிம்புக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். நான் எழுதவில்லை. பின் சக்கரம் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி, இரண்டு முறை பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று.

ஃபிரேமுக்கு பவுடர் கோட்டிங். டாங்க்குக்கும் மட்கார்டுக்கும் சாதாரணப் பெயின்ட், ஏனென்றால் பவுடரை 200 டிகிரிக்குப் பக்கத்துச் சூட்டில் வேகவைப்பார்கள், பட்டி வைத்த தகடு அதைத் தாங்காது. டாங்க்கின் தங்கக் கோடுகளை ஸ்டிக்கரில் ஒட்டிவிடலாம் என்றார்கள். திருவொற்றியூரில் அந்தக் கோட்டைக் கையாலேயே போட்டார்கள் என்று தெரிந்த பிறகு எனக்கு ஸ்டிக்கர் ஒட்ட மனம் வரவில்லை. லாரிகளுக்குப் பெயர் எழுதும் ஓவியர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். நீளமான மென்மயிர்த் தூரிகையை ஒரே மூச்சில், நிறுத்தாமல், டாங்க்கின் வளைவோடு இழுத்துக்கொண்டு போனார். நாலு கோடு, இருபது நிமிடம். இந்த வண்டியில் நான் அதிகம் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.

ஆனால் பவுடர் கோட்டிங்கில் ஒரு பெரிய தவறு செய்தேன். ஸ்டியரிங் தலைப்பகுதியில் குத்தியிருக்கும் சேஸிஸ் நம்பரை மறைத்துவிடச் சொல்லவில்லை. தடித்த பூச்சு எழுத்துப் பள்ளங்களை நிரப்பிவிட்டது. வண்டி ஆய்வுக்குப் போனபோது நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும். தாளை வைத்துத் தேய்த்தால் வெறும் கறுப்பு. நம்பர் தெரியாத ஃபிரேமுக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், போடவும் கூடாது. அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் ரிமூவர் தடவி, மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன். அரம், கிரைண்டர் எதையும் நம்பர் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகம் வந்தால் வண்டியையே இழக்க நேரும்.

காகித வேலையை நான் கடைசியில் தொடங்கினேன். அதைத்தான் முதலில் தொடங்கியிருக்க வேண்டும். ஆர்.சி. புத்தகம் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அது மட்டும் இல்லாமல் இருந்தால் இத்தனை செலவும் ஓர் அலங்காரப் பொருளுக்கு ஆகியிருக்கும். பெயர் பெரியப்பா பெயரில் இருந்ததால் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், 31-ஆம் படிவம் என்று ஒரு சுற்று. பழைய பதிவேட்டில் இருந்த விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கவில்லை, அதை ஏற்ற ஒரு சுற்று. தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 25-ஆம் படிவமும் ஆய்வும் பசுமை வரியும். மொத்தம் நாலு மாதம் ஆயிற்று.

2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்திருக்கிறது. முதல் பதிவு நடந்து 50 வருடம் தாண்டி, அசல் வடிவில் இருக்கிற வண்டி அதில் சேரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். எங்கள் வண்டிக்கு அப்போது 50 ஆகவில்லை. ஆகியிருந்தாலும் அந்த வழியில் போயிருக்க மாட்டேன். பெரியப்பா அதில் சந்தைக்குப் போனார், கல்யாணத்துக்குப் போனார், சாவுக்குப் போனார். எனக்கும் அப்படி ஓட்டத்தான் ஆசை.

வயரிங்கை மொத்தமாகப் புதிதாகப் போட்டோம். பழைய வயரை வளைத்தாலே உறை பொடியாக உதிர்ந்தது. 6 வோல்ட்டையே வைத்துக்கொண்டேன். புது வயர், புது பேட்டரி, புது பல்பு, ஆனாலும் ஹெட்லைட் மினுக்கென்று எரிந்தது, ஹாரன் முனகியது. இரண்டு நாள் குழம்பினேன். காரணம் அந்தப் பவுடர் கோட்டிங்தான். லைட்டுகள் எல்லாம் ஃபிரேம் வழியாகத்தான் எர்த் எடுக்கின்றன, இப்போது ஃபிரேம் முழுக்கப் பிளாஸ்டிக் உறை போட்டதுபோல ஆகிவிட்டது. எர்த் கொடுக்கிற இடங்களில் வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, அதோடு பேட்டரியிலிருந்து தனியாக ஓர் எர்த் வயரையும் ஓட்டியதும் சரியாயிற்று. 6 வோல்ட்டில் இந்தச் சின்னத் தடை எல்லாம் பெரிதாகத் தெரியும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பு அண்ணன் எனக்கு மிதிக்கச் சொல்லிக் கொடுத்தார். இதில் பலத்துக்கு வேலை குறைவு. சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் கம்ப்ரஷன் முட்டி நிற்கும். அங்கே அந்த அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மின்சாரம் காட்டும் ஆம்மீட்டரின் முள் நடுவுக்கு வந்துவிடும், பிளக்குக்குப் பொறி தரும் பாயிண்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உள்ளங்காலின் நடுப்பகுதியால் முழு வீச்சில் ஒரே மிதி. பாதியில் காலை எடுத்தாலோ, டைமிங் முன்னே இருந்தாலோ கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலுக்குக் கட்டுப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு மிதியுங்கள். எங்களுக்கு ஐந்தாவது மிதியில் பிடித்தது. அண்ணன் ஆயில் பைப்பில் குனிந்திருந்தார், நான் வீடியோ எடுக்கக்கூட மறந்து நின்றேன்.

பத்து நாள் நன்றாக ஓடிய வண்டி, ஒரு நாள் சூடானதும் நின்றது, ஆறியதும் ஸ்டார்ட் ஆனது. பாயிண்ட் மூடியைத் திறந்து பார்த்தால் அதன் முனைகளில் நீலமும் மஞ்சளுமாகப் பொறி கொட்டியது. கண்டென்சர் போய்விட்டது, புதிதாக வாங்கிய கண்டென்சர். வேறு புதியது வாங்கப் போன என்னிடம் அண்ணன், "பழசு டப்பாவுல கெடக்குமே, அத மாட்டு" என்றார். இரும்புக் கடைச் சம்பவத்துக்குப் பிறகு எதையும் நான் எறியவில்லை, ஒரு பிஸ்கட் டின்னில் எல்லாம் இருந்தன. 1976-ஆம் வருடத்ததோ அதற்குப் பின் மாற்றியதோ தெரியாது, அந்தப் பழைய கண்டென்சர் இன்றுவரை ஓடுகிறது.

ஓட்டிப் பழகுவதற்கு ஒரு காலி மைதானம் வேண்டும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இப்போதைய வண்டிகளில் பழகிய கால், பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கும். ஒரு வாரம் விடிகாலையில் பள்ளி மைதானத்தில் ஓட்டிவிட்டுத்தான் ரோட்டில் இறங்கினேன். புது பிஸ்டன் பதம் வர முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஐம்பதைத் தாண்டவில்லை. முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றினேன், வடித்த ஆயிலில் மினுமினுப்பாக உலோகத் தூள் இருந்தது. முதலில் அது சகஜம்.

தயாரானதும் முதலில் தோப்புக்குத்தான் ஓட்டிப் போனேன். பெரியம்மா திண்ணையிலிருந்து இறங்கி வந்து டாங்க்கைத் தொட்டார், சீட்டைத் தொட்டார், பின்னால் சுற்றி வந்து நின்றார்.

"சேலை கம்பி எங்க கண்ணு?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. "அது இல்லாம நா எப்படி உக்கார்றது?" என்று மட்டும் கேட்டார். அவர் ஏறுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணமான புதிதிலிருந்து அந்தக் கம்பியில் கால் வைத்துத்தான் ஏறினாராம். ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்கு அமாவாசைக்கு அமாவாசை அந்த வண்டியில்தான் போனார்களாம்.

கடைகளில் கிடைத்த சேலை கார்டுகள் எல்லாம் வேறு மாதிரி இருந்தன. போனில் இருந்த பழைய படங்களைப் பெரிதாக்கி, சக்கர விட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டு அளவெடுத்தேன். கால் வைக்கும் தகடு எத்தனை உயரத்தில் இருந்தது என்பது மட்டும் படத்தில் சரியாகத் தெரியவில்லை. பெரியம்மா வண்டிக்குப் பக்கத்தில் நின்று, சேலையைச் சற்றுத் தூக்கி, காலை வைத்துக் காட்டினார். அங்கே சாக்பீஸால் கோடு போட்டேன். பொள்ளாச்சியில் ஒரு வெல்டிங் பட்டறையில் அந்தக் கோட்டுக்கே வைத்துச் செய்து கொடுத்தார்கள்.

அடுத்த அமாவாசைக்கு ஆனைமலை போனோம். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையை என் தோளில் வைத்துக்கொண்டு, வழி நெடுக எந்தத் தோப்பு யாருடையது என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பி வந்து வண்டியை இரவு முழுக்க ஆறவிட்டேன். காலையில் ஹெட் நட்டுகளை முடுக்கிப் பார்த்ததில் இரண்டு நட்டுகள் கால் சுற்று வாங்கின. டேப்பட் மூடியைத் திறந்து வால்வைத் தள்ளும் புஷ்ராடு இரண்டையும் விரலால் உருட்டிப் பார்த்தேன். தாராளமாகச் சுழன்றன, மேலும் கீழும் ஆட்டம் இல்லை. மூடியைப் பூட்டினேன்.